4 டிகிரி நீரில் கையும் காலும்: குளிர்நீரில் சுழியோடப் புதிதாக வருகிறவர்களுக்கு

கனடாவின் டோபர்மோரியில் நான் முதன்முதலாக நீரில் இறங்கியது ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. படகின் தளம் வெயிலில் சுட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த கணினி மேற்பரப்பு நீரை 19 டிகிரி என்று காட்டியது. இலங்கையில், நிலாவெளிக்கு எதிரே புறாமலையில், 28 டிகிரி நீரில் சுழியோடக் கற்றவனுக்கு அது குளிர்தான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டால் தாங்கலாம். பதினைந்து மீட்டரை நெருங்கும்போது கண்ணுக்கு முன்னால் நீர், சூடான தார் ரோட்டின் மேல் காற்று நெளிவதுபோல நெளிந்தது. அதைத் தாண்டியதும் கணினி 6 என்றது.

பத்து நிமிடம் கழித்து மேலே போகலாம் என்று மிதவை அங்கியின் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினேன் என்று நினைத்தேன். விரல் பொத்தானின் மேல் இருந்ததா, பக்கத்தில் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. துணையாக வந்த அண்ணன் என் கையைப் பிடித்துப் பொத்தானின் மேல் வைத்து அழுத்திவிட்டார். படகில் ஏறிய பிறகு என் சிலிண்டரைக் கழற்றியதும் அவர்தான். என் விரல்கள் கொக்கியைப் பார்த்தபடி சும்மா இருந்தன.

வாடகைக்குக் கொடுத்த கடையில் 3 மில்லிமீட்டர் கையுறையைத் தந்து, கோடைக்கு இது போதும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று முழுவதும் அந்தக் கையுறையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நியாயம். காலையில் வெறும் கோப்பி மட்டும் குடித்திருந்தேன். தலையுறை தொளதொளவென்று இருந்தது. மேலுடை 5 மில்லிமீட்டர். குளிர்ந்துபோயிருந்தது என் நெஞ்சு, தண்டனை விழுந்தது விரல்களுக்கு. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான். கையுறைக்குப் பணம் செலவழிக்கும் முன் மற்ற இடங்களைச் சரி பாருங்கள்.

அந்த நீர் ஏன் அப்படி, உடம்பு என்ன செய்கிறது

டோபர்மோரி, ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடமேற்கே, ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. 1987-இல் அமைந்த ஃபாதம் ஃபைவ் தேசிய கடற்பூங்கா அங்கேதான். இருபதுக்கும் மேற்பட்ட மூழ்கிய கப்பல்கள் அந்த நீரில் கிடக்கின்றன. நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியானது. அதனால் பனிக்காலத்தில் குளிர்ந்த நீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கோடை வெயில் மேலே ஒரு போர்வையை மட்டும் சூடாக்குகிறது. கீழே ஆகஸ்டிலும் ஜனவரிதான். மேற்பரப்பு வெப்பநிலையைப் பார்த்து உடையைத் தீர்மானிப்பது, வாசற்படியைப் பார்த்து வீட்டை வாங்குவதற்குச் சமம்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. வெப்பம் இப்படி வெளியே ஓடும்போது உடம்பு ஒரு கறாரான குடும்பத்தலைவர் மாதிரி நடந்துகொள்கிறது. வரவு குறைந்ததும் செலவை வெட்டுகிறது, முதல் வெட்டு விரல்களுக்கு. இதயமும் மூளையும் சூடாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. விரல்கள் மெலிந்தவை. அவற்றின் கன அளவோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு மிக அதிகம். சொந்தமாக வெப்பம் உண்டாக்கத் தசையும் இல்லை. விரல்களை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன, விரலுக்கு வருவது நரம்புக்கயிறு போன்ற தசைநாண் மட்டுமே. முழங்கைக்குக் கீழே குளிர்ந்தாலே பிடி தளர்ந்துவிடும், விரல் நுனி எவ்வளவு தடித்த உறைக்குள் இருந்தாலும்.

விரல் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே போனதும் நுண்ணிய வேலைகள் தடுமாறத் தொடங்கும். 8 டிகிரி அளவில் தொடுவுணர்வே ஏறத்தாழ இல்லாமல் போகும். முதலில் வலி, பிறகு மரப்பு, பிறகு விறைப்பு. இதில் ஏமாற்றுவது மரப்பு. வலி நின்றதும் பழகிவிட்டது என்று மனம் நினைக்கும். பழகவில்லை, விரல் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. குளிர்நீரில் சில நிமிடங்கள் இருந்த பிறகு விரல்கள் திடீரென்று சூடாகி, மறுபடி குளிரும். 1930-இல் தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் இதை விவரித்தார். சுருங்கிய குழாய்கள் அவ்வப்போது திறந்து மூடுவதால் வருவது அது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் அந்தத் திறப்பும் பலவீனமாகிவிடும். ஆக மறுபடியும் நெஞ்சிடமே வந்து நிற்கிறோம்.

முதல் நாள் இரவிலிருந்து தொடங்குங்கள்

சூடான உடம்போடு நீரில் இறங்குவது, இறங்கிய பிறகு சூடாக முயல்வதைவிடப் பல மடங்கு எளிது. நன்றாகத் தூங்குங்கள். காலையில் வயிற்றுக்கு ஏதாவது போடுங்கள். புட்டோ பாணோ ஓட்ஸோ, உங்கள் விருப்பம். நான் இப்போது சூடான இஞ்சிப் பிளேன்டீ ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டுபோகிறேன். டிரை சூட்டை, அதாவது நீர் புகாத சுழியோடும் உடையை, கழற்றிச் சிறுநீர் கழிப்பது தொல்லை என்பதற்காகப் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. குளிரிலும் நீரிலும் உடம்பு வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீர் பிரிக்கும். குடிக்காமலிருந்தால் இரத்தத்தின் அளவு குறையும், விரலுக்குப் போவது இன்னும் குறையும்.

புகைப்பது குழாய்களைச் சுருக்கும். ஒரு மடக்கு பிராந்தி குடித்தால் சூடு ஏறும் என்று சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அது தோலின் குழாய்களைத் திறந்து, உள்ளே இருந்த சூட்டை வெளியே கொட்டுகிறது. போதையோடு நீருக்குள் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நகத்தை வெட்டுங்கள், மோதிரத்தை வீட்டிலேயே வையுங்கள். இரண்டும் டிரை சூட்டின் மணிக்கட்டு ஸீலை, நீர் புகாமல் கையைக் கவ்வும் அந்த மெல்லிய பட்டையை, கிழிக்கும்.

கையுறை வாங்கும் முன் நெஞ்சும் தலையும்

10 டிகிரிக்குக் கீழே நீங்கள் தொடர்ந்து சுழியோடப் போகிறீர்கள் என்றால், டிரை சூட் பயிற்சி எடுத்துக்கொண்டு டிரை சூட்டுக்கு மாறுங்கள் என்பதே என் ஆலோசனை. நீர் உள்ளே புகும் வெட் சூட்டின் நியோப்பிரீன் என்பது சிறு சிறு வாயுக்குமிழ்கள் அடங்கிய இரப்பர். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழ்கள் நசுங்க நசுங்க உடை மெலியும். நீர் மிகக் குளிராக இருக்கும் இடத்தில்தான் உங்கள் உடை மிக மெல்லியதாக இருக்கும்.

டிரை சூட்டே எல்லாவற்றையும் செய்துவிடாது, அது வெறும் மழைக்கோட்டு. சூடு தருவது உள்ளே அணியும் உடை. தோலோடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது வியர்வையை உறிஞ்சி விலக்கும் செயற்கை இழை, அதன் மேல் தடித்த உள்ளாடைத் தொகுதி. பருத்தி வேண்டவே வேண்டாம். நம் ஊருக்குப் பருத்திபோல வராது, உண்மைதான், ஆனால் நனைந்த பருத்தி வெப்பத்தைத் தக்கவைக்காது. வாங்கும்போது உள்ளாடையின் கை நீளத்தைப் பாருங்கள். கையை நீட்டியதும் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டால் அந்த இடைவெளி வழியாகத்தான் உங்கள் சூடு போகும். மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகே ஓடுகின்றன. நாடி பார்ப்பது அங்கேதானே.

தலையுறை 7 மில்லிமீட்டர், முகத்தோடு ஒட்டிப் பொருந்துவதாக. அன்று என் தொளதொளத்த தலையுறைக்குள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பிடரியில் குளிர்நீர் ஒரு வாளி ஊற்றியதுபோல் இருந்தது.

கையுறை: மூன்று வழிகள்

முதலாவது, ஐந்து விரல் நனை கையுறை. உள்ளே நீர் புகும், உடம்பு அதைச் சூடாக்கிக்கொள்ளும். 5 மில்லிமீட்டர் தடிப்பு 10 டிகிரிக்கு மேலே பெரும்பாலோருக்குப் போதும். மலிவு, எளிது, கிழிந்தாலும் ஆபத்தில்லை. அளவுதான் முக்கியம். இறுக்கமாக இருந்தால் இரத்தத்தை நீங்களே தடுக்கிறீர்கள். தளர்வாக இருந்தால் நீர் உள்ளே வந்து வந்து போகும். கடையில் போட்டுப் பார்த்துக் கையை முஷ்டியாக மடக்குங்கள். விரல் நுனிகள் உறையின் முனையை அழுத்தக் கூடாது, விரலிடுக்கில் வெற்றிடமும் இருக்கக் கூடாது.

இரண்டாவது, மூன்று விரல் கையுறை. பெருவிரலுக்கு ஒன்று, சுட்டுவிரலுக்கு ஒன்று, மற்ற மூன்றும் ஒரே அறையில். 7 மில்லிமீட்டரில் கிடைக்கும். போட்டால் நண்டின் கொடுக்கு மாதிரி இருக்கும், சிறு பொருள்களை எடுப்பதும் நண்டின் லாவகத்தோடுதான். ஆனால் சேர்ந்திருக்கும் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். வெட் சூட்டோடு 4, 5 டிகிரியில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இதையே எடுங்கள்.

மூன்றாவது, உலர் கையுறை. டிரை சூட்டின் கைமுனையில் ஒரு வளையம், கையுறையில் ஒரு வளையம், இரண்டும் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். வெளியே தடித்த இரப்பர், உள்ளே கம்பளிக் கையுறை, கை முழுவதும் காற்றில். போட்டுப் பார்த்தவர்கள் திரும்பிப் போவது அரிது. நானும் போகவில்லை. ஆனால் புதியவர்கள் இதில் ஒரு விஷயத்தில் தவறாமல் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கையுறைக்குள் நீங்கள் கரையில் அடைத்த காற்று, 10 மீட்டரில் பாதியாகவும் 30 மீட்டரில் கால்வாசியாகவும் சுருங்கும். மணிக்கட்டு ஸீல் கையுறையையும் டிரை சூட்டையும் பிரித்து வைத்திருந்தால், புதிய காற்று உள்ளே வர வழியில்லை. இரப்பர் கையோடு ஒட்டி இறுகும். கம்பளி நசுங்கும். நசுங்கிய கம்பளியில் காற்று இல்லை, காற்று இல்லாத கம்பளியில் சூடும் இல்லை. இருநூறு டொலர் கொடுத்து வாங்கிய கையுறை பாத்திரம் கழுவும் உறையாக மாறிவிடும்.

இதற்கு மருந்து, ஸீலுக்கு அடியில் ஒரு சிறு வழி விடுவது. மென்மையான சிறு குழாய்த் துண்டு, அல்லது தடித்த கம்பளி நூல், நாலைந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஸீலுக்கும் தோலுக்கும் நடுவே போகும்படி வைக்கிறார்கள். உள்ளாடையின் பெருவிரல் வளையம் அந்த வழியாக ஓடினாலும் இதே வேலையைச் செய்யும். இப்போது டிரை சூட்டுக்குள் விடும் காற்று கைக்கும் போகும். கீழே இறங்கும்போது அவ்வப்போது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் காற்று கையுறைக்கு ஏறுவதை உணர்வீர்கள். மேலே வரும்போது அதே வழியாகத் திரும்பும். குழாயை நாடித்துடிப்பு தெரியும் பக்கத்தில் வைக்காதீர்கள், புறங்கைப் பக்கம் வையுங்கள். நாடிப் பக்கம் வைத்தால் அரை மணி நேரத்தில் அழுத்தத் தொடங்கும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. வழி திறந்திருக்கும்போது கையுறை கிழிந்தால் நீர் கையோடு நிற்காது, கைவழியே டிரை சூட்டுக்குள் வரும். மூழ்கிய கப்பல்களில் துருப்பிடித்த இரும்பும் ஆணியும் நிறைய. அதனால் ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் கையுறைகளைப் பூட்டிவிட்டு, கையை நீரில் அமிழ்த்தி, முஷ்டியை இறுக்கிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வளையத்தின் ஓ-ரிங்கில், கசிவைத் தடுக்கும் அந்த இரப்பர் வட்டத்தில், ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் கசியும். முதல் சில முறை 6, 7 மீட்டருக்குள் மட்டும் போய்வாருங்கள். டோபர்மோரியில் இதற்கென்றே அமைந்ததுபோல ஸ்வீப்ஸ்டேக்ஸ் இருக்கிறது. 1867-இல் கட்டப்பட்டு 1885-இல் பிக் டப் துறையில் மூழ்கிய இரட்டைப் பாய்மரக் கப்பல், ஆழம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். 1884-இல் மூழ்கிய அரேபியா 30 மீட்டருக்கும் கீழே, நிரந்தரக் குளிருக்குள் கிடக்கிறது. அது பின்னால் பார்க்க வேண்டியது.

எந்தக் கையுறையாக இருந்தாலும் மணிக்கட்டுக் கணினியின் பட்டையைக் கரையில் இறுக்கிக் கட்டாதீர்கள். இறுகிய லேடெக்ஸ் ஸீலும் அப்படித்தான். கை நீலமாகத் தெரிந்தால், விரல் நுனி உப்பினால், ஸீல் சிறியது. அதை அளந்து வெட்ட வேண்டும். அந்த வேலையை முதல் தடவை தெரிந்தவரிடம் விடுங்கள். கத்தரியால் ஒரு வளையம் அதிகமாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

கால்கள்

கால் குளிருக்குப் பெரும்பாலும் காரணம் நீர் அல்ல, வியர்வை. ஸ்காபரோவிலிருந்து நாலு மணி நேரம் காரின் ஹீட்டருக்கு அடியில் வைத்திருந்த கால், அதே காலுறையோடு டிரை சூட்டுக்குள் போகிறது. காலுறை ஏற்கெனவே ஈரம். சூட் போடுவதற்குக் கடைசி நிமிடத்தில் புதுக் காலுறைக்கு மாறுங்கள். என் பையில் மெரினோ காலுறை மூன்று சோடி எப்போதும் இருக்கும். இந்தக் கட்டுரையில் காசு செலவில்லாமல் உடனே பலன் தரும் ஆலோசனை இதுதான்.

இரண்டாவது தவறு, காலுறைக்கு மேல் காலுறை. மூன்று அடுக்குப் போட்டு அதே சப்பாத்துக்குள் திணித்தால் இரத்தமும் ஓடாது, காற்றும் நிற்காது. மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று, கால்விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் ஓர் அளவு பெரிய சப்பாத்து. சப்பாத்து பெரிதானால் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னின் பாதப்பையும் பெரிதாக வேண்டும். கடைக்குப் போகும்போது இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

வெட் சூட் அணிபவர்கள் 5 முதல் 7 மில்லிமீட்டர் தடித்த, அடி கனமான பூட்ஸைப் போட்டு, சூட்டின் கால்முனையை பூட்ஸுக்கு வெளியே இழுத்துவிடுங்கள். உள்ளே செருகினால் ஒவ்வோர் உதைப்புக்கும் நீர் புனலில் ஊற்றியதுபோல் இறங்கும்.

டிரை சூட்டில் நீங்கள் நீருக்குள் நிமிர்ந்து நின்றால், காற்று தோளுக்கு ஏறிவிடும். கீழே இருக்கும் கால்களை நீரழுத்தம் கவ்விப்பிடிக்கும், காலுறையின் பஞ்சு நசுங்கும். பயிற்சி வகுப்பில் முழங்காலிட்டு வரிசையில் காத்திருப்பவர்களுக்குத்தான் கால் முதலில் மரத்துப்போகிறது. உடம்பைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளப் பழகினால் காற்று கால்வரை சீராகப் பரவும். அளவாகப் பரவ வேண்டும். பாதத்தில் காற்று அதிகமாகச் சேர்ந்தால் தலைகீழாக மேலே இழுபட்டுப் போவீர்கள். அதிலிருந்து புரண்டு மீள்வதை ஆசிரியரோடு குறைந்த ஆழத்தில் செய்து பழகாமல் இதில் விளையாடாதீர்கள்.

துறையில், உடை மாற்றும் அந்த அரை மணி நேரம்

பலர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். வெறுங்கையால் ஈர சிலிண்டரைத் தூக்கி, மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரைப் பொருத்தி, எடைக்கான ஈயத்தை எண்ணி, விரல் நீலமான பிறகு கையுறை போடுவார்கள். கையுறை சூட்டைத் தருவதில்லை, இருப்பதைக் காக்கிறது. குளிர்ந்த விரலை உள்ளே விட்டால் குளிர்ந்த விரலையே காத்துத் தரும்.

உபகரணங்களை எல்லாம் முதலில் பொருத்தி முடியுங்கள், அதற்குத் தனியாக நீர் புகாத வேலைக் கையுறை வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு கல்லிலோ பனியிலோ நிற்காதீர்கள், பழைய யோகாப் பாயோ ரப்பர் விரிப்போ ஒன்று போதும். காற்று படாத இடத்தில், காருக்குள் உட்கார்ந்தாவது, உள்ளாடைகளை மாற்றுங்கள். வியர்க்கும் அளவுக்குச் சீக்கிரமே உடுத்திக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

நனை கையுறை என்றால் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய், இறங்கும் முன் கையுறைக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் ஊற்றுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு. முதலில் புகும் நீர் 4 டிகிரியாக இல்லாமல் 38 டிகிரியாக இருப்பது, முதல் பத்து நிமிடத்தை மாற்றிவிடும்.

ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வரி. ஐரோப்பியத் தரத்தில் 10 டிகிரிக்கு மேலே மட்டும் என்று குறியிடப்பட்டவை இந்த நீருக்கு ஆகாது. உறைந்துபோய்க் காற்றைக் கட்டுப்பாடின்றிக் கொட்டத் தொடங்கினால் அதைக் கையாள வேண்டியது உங்கள் மரத்துப்போன விரல்கள்தான்.

நீருக்குள்

கையால் துழாவாதீர்கள். வெப்பக் கடல்களில் பழகியவர்களிடம் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துழாவலும் நனை கையுறைக்குள் புது நீரை ஏற்றும், வெளியே சூடான நீரைக் கலைக்கும். கைகளை நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, காலால் மட்டும் நகருங்கள்.

அந்த அண்ணன் எனக்குச் சொல்லித்தந்த சோதனையை இப்போது நான் எல்லோருக்கும் சொல்கிறேன். "தம்பி, காற்றின் அளவைப் பார்க்கும்போதெல்லாம் பெருவிரலால் சின்னவிரலைத் தொடு. தொட முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்." மூன்று விரல் கையுறையில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இறுக்கிக் கிள்ளிப் பாருங்கள். கிள்ளும் விசை இல்லை என்றால், துணைவருக்கு இரு கைகளையும் மார்பில் குறுக்காகப் போட்டு மேற்கைகளைத் தேய்த்துக் காட்டுங்கள். எல்லா மொழிக்காரர்களுக்கும் புரியும் குளிர் சைகை அது. பிறகு பெருவிரலை மேலே காட்டுங்கள். மேலே போவது என்று தீர்மானித்த பிறகும் வால்வுகளையும் பொத்தான்களையும் இயக்கவும், மேலேறும் வழியில் 5 மீட்டரில் நிற்கும் மூன்று நிமிட நிறுத்தத்தில் ஆழத்தைக் காக்கவும் விரல் வேண்டும். அதற்கான சூட்டை மிச்சம் வைத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். 4 டிகிரியில் முதல் சில முறைகளுக்கு 20, 25 நிமிடம் என்று நேரத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், காற்று பாதி மிச்சமிருந்தாலும்.

கோடையில் டோபர்மோரியில் ஒரு கருணை உண்டு. 5 மீட்டரில் நிற்கும் அந்த மூன்று நிமிடம் சூடான அடுக்கில் அமையும். உயிர் திரும்பும் விரல் ஊசி குத்தியதுபோல வலிக்கும். அந்த வலிக்குப் பயப்பட வேண்டாம்.

மின்சூடு, இரசாயனச் சூடு

மின்கலத்தால் சூடேறும் உள்ளாடைகளும் கையுறைகளும் இப்போது கிடைக்கின்றன. நல்லவைதான். ஆனால் 2007-இல் அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சுழியோடிப் பிரிவு வெளியிட்ட ஆய்வை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடியில் சூடாகவும் மேலேறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கு, உடம்பில் கரைந்த வாயு குமிழாக வெளிவருவதால் உண்டாகும் அழுத்தநீக்க நோய் வரும் வாய்ப்பு, அதற்கு எதிர்மாறாக இருந்தவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. அடியில் சூடாக இருக்கும் தசைக்கு இரத்தம் அதிகம் போகும், நைட்ரஜனும் அதிகம் போய்ச் சேரும். பிறகு குளிர்ந்தால் அது வெளியேற வழி குறுகிவிடும். ஆகவே, அடியில் முழுவேகத்தில் போட்டுவிட்டு மேலேறும்போது மின்கலம் தீர்ந்துபோவதுதான் மிக மோசமான ஏற்பாடு. குறைந்த அளவில் வைத்து, மேலே வரும்வரை தீராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மின்சூடு நின்றுபோனாலும் பத்திரமாக வரக்கூடிய உடையோடுதான் இறங்க வேண்டும்.

குலுக்கினால் சூடாகும் இரசாயனப் பொட்டலங்களை டிரை சூட்டுக்குள் வைக்காதீர்கள். அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூடாகின்றன. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது சூடு கட்டுக்கு அடங்காமல் போகலாம், மரத்த தோல் சுடுவதை உணராது. படகில், ஜாக்கெட் பையில் வைத்துக்கொள்வதற்கு அவை அருமை.

மேலே வந்த பிறகு

ஈரக் கையுறையோடு காற்றில் நிற்காதீர்கள். நீருக்குள் இழந்தது போதாதென்று, ஆவியாகும் நீர் இங்கேயும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கையைத் துடைத்து, உலர்ந்த கம்பளிக் கையுறையும் தொப்பியும் காற்று புகாத மேலங்கியும் போடுங்கள். பிளேன்டீயைக் குடியுங்கள். கையை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் விரலை விடாதீர்கள், கொப்பளித்த பிறகுதான் தெரியும். உடனே ஆவி பறக்கும் ஷவருக்குள் ஓடவும் வேண்டாம். தோலிலும் தசையிலும் இன்னும் கரைந்திருக்கும் வாயு, திடீர்ச் சூட்டில் குமிழாக வெளிவரலாம்.

இரண்டாவது முறை இறங்குவதாக இருந்தால் உலர்ந்த உள்கையுறையும் காலுறையும் மாற்றாக இருக்க வேண்டும். கால்விரல் இன்னும் குளிர்ந்திருந்தால் இரண்டாவது வேண்டாம். முதல் தடவையைவிட இரண்டாவது முறை எப்போதும் சீக்கிரம் குளிரும்.

சூடான பிறகும் விரலில் மரப்போ கூச்சமோ போகாவிட்டால் அதைக் குளிரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அழுத்தநீக்க நோயும் அப்படித்தான் தொடங்கக்கூடும். படகில் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண நாட்களிலேயே, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால்கூட விரல் வெள்ளைவெளேரென்று மாறுகிறவர்களுக்கு ரேனோ என்ற நிலை இருக்கலாம். அவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் குளிர்நீரை நினைக்க வேண்டும்.

வீட்டில் ஒரு பயிற்சி

சமையலறைத் தொட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு நீர் நிரப்புங்கள். நீங்கள் வாங்கிய கையுறையைப் போட்டுக் கையை உள்ளே வைத்துக்கொண்டு, டார்ச்சின் கொக்கியை ஒரு வளையத்தில் மாட்டிக் கழற்றுங்கள். இருபது தடவை, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். என் பழைய கொக்கிகளை நான் ஏழாவது தடவையில் கைவிட்டுப் பெரியவற்றை வாங்கினேன். முகக்கண்ணாடியின் பட்டை, எடைப்பட்டியின் கொளுக்கி, சூட்டின் பொத்தான்கள், எல்லாவற்றையும் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு. வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். என் மனைவி வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்.